பணம் இருக்கு, ஆளும் இருக்கு... ஆனாலும் ஜப்பான் அறிவியல் சறுக்கியது ஏன்? 2004 பல்கலைக்கழகச் சீர்திருத்தம் சொல்லும் பாடம்

2025 அக்டோபரில் ஒரே வாரத்தில் ஜப்பானுக்கு இரண்டு நோபல் பரிசுகள் கிடைத்தன. மருத்துவத்தில் ஒசாகா பல்கலைக்கழகத்தின் ஷிமோன் சகாகுச்சி, வேதியியலில் கியோத்தோ பல்கலைக்கழகத்தின் சுசுமு கிடகாவா. 'ஜப்பான்னா ஜப்பான்தான்' என்று சமூக வலைதளங்களில் பாராட்டு குவிந்தது.

ஆனால் இருவரும் பரிசு வாங்கியது எந்த வேலைக்காக என்று பார்த்தால் கதை கொஞ்சம் மாறுகிறது. சகாகுச்சியின் முக்கியக் கண்டுபிடிப்பு வெளியானது 1995-ல். கிடகாவாவின் திருப்புமுனை ஆய்வு 1997-ல். அதாவது இன்றைய பரிசுகள், சுமார் 30 ஆண்டுகளுக்கு முன்பு ஜப்பான் பல்கலைக்கழகங்கள் இருந்த நிலைக்குக் கிடைத்த மதிப்பெண்.

அப்படியென்றால் இன்றைய பல்கலைக்கழகங்களின் நிலை என்ன? அதற்கு ஜப்பான் அரசின் சொந்த அறிக்கையே பதில் சொல்கிறது. அந்தப் பதில் நம் நாட்டில் உயர்கல்வி பற்றிப் பேசும் எல்லோருக்கும் தேவைப்படும்.

4-வது இடத்திலிருந்து 13-வது இடத்துக்கு

ஜப்பான் கல்வி, அறிவியல் அமைச்சகத்தின் கீழ் 'நிஸ்டெப்' என்ற ஆய்வு நிறுவனம் இருக்கிறது. உலக நாடுகளின் அறிவியல் நிலவரத்தை ஒப்பிட்டு ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடுவது இதன் வேலை. அதில் எல்லோரும் கவனிக்கும் கணக்கு, 'டாப் 10 சதவீதக் கட்டுரைகள்'. ஒவ்வொரு துறையிலும் மற்ற விஞ்ஞானிகளால் அதிகம் மேற்கோள் காட்டப்படும் முதல் 10 சதவீத ஆய்வுக் கட்டுரைகளில் எந்த நாட்டுக்கு எத்தனை என்பதுதான் அது.

2000-ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் இந்தப் பட்டியலில் ஜப்பானுக்கு 4-வது இடம். 2023-ல் வெளியான அறிக்கையில் (2019-21 சராசரி) 13-வது இடம். மூன்றே மூன்று கட்டுரை வித்தியாசத்தில் ஈரான் முந்திவிட்டது: ஈரான் 3,770, ஜப்பான் 3,767. அதே பட்டியலில் இந்தியாவுக்கு 6-வது இடம்.

இதில் புதிர் என்னவென்றால், ஜப்பான் ஏழை நாடு அல்ல. ஆராய்ச்சிக்குச் செலவிடும் மொத்தத் தொகையில் அமெரிக்கா, சீனாவுக்கு அடுத்த 3-வது இடம். ஆராய்ச்சியாளர்களின் எண்ணிக்கையிலும் 3-வது இடம். நாட்டின் மொத்த உற்பத்தியில் 3 சதவீதத்துக்கு மேல் ஆராய்ச்சிக்குப் போகிறது. இந்தியாவில் அது 0.64 சதவீதம்தான்.

காசும் இருக்கு, ஆளும் இருக்கு. பிறகு எங்கே இடித்தது? அந்தச் செலவில் பெரும்பங்கு தனியார் நிறுவனங்கள் தங்கள் சொந்த லேப்களில் செய்வது. பிரச்னை அங்கே இல்லை, பல்கலைக்கழகங்களில். அங்கே என்ன நடந்தது என்று தேடினால், பெரும்பாலானோர் கைகாட்டுவது 2004-ஐ.

2004-ல் அப்படி என்ன மாறியது?

அதுவரை ஜப்பானின் தேசியப் பல்கலைக்கழகங்கள் கல்வி அமைச்சகத்தின் ஒரு பிரிவு மாதிரி இயங்கின. பேராசிரியர்கள் அரசு ஊழியர்கள். எத்தனை பணியிடம், எந்தத் துறை, எதற்கு எவ்வளவு செலவு என எல்லாமே டோக்கியோவில் முடிவாகும்.

கொய்சுமி பிரதமராக இருந்தபோது அரசு ஊழியர் எண்ணிக்கையைக் குறைக்கவும், அரசு நிறுவனங்களைக் கம்பெனி பாணியில் நடத்தவும் முயற்சிகள் நடந்தன. 2003-ல் தேசியப் பல்கலைக்கழகக் கழகச் சட்டம் நிறைவேறியது. 2004 ஏப்ரல் 1 முதல் 89 தேசியப் பல்கலைக்கழகங்களும் தனித்தனிச் சட்ட அமைப்புகளாக மாறின. ஒரே நாளில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் அரசு ஊழியர் என்ற தகுதியை இழந்தனர்.

சொல்லப்பட்ட காரணங்கள் கேட்க நன்றாகவே இருந்தன. பல்கலைக்கழகங்களுக்குச் சுதந்திரம் கிடைக்கும். பட்ஜெட்டை அவையே திட்டமிடலாம். தொழில் நிறுவனங்களோடு கைகோக்கலாம். ஆறு ஆண்டுக்கு ஒரு இலக்கு வைத்து மதிப்பீடு செய்யப்படும். சோம்பேறித்தனம் போகும், போட்டி வரும்.

சுதந்திரம் வந்தது உண்மைதான். கூடவே இன்னொன்றும் வந்தது.

'ஒரு சதவீதம்தானே...' என்று ஆரம்பித்தது

ஜப்பான் அரசு தேசியப் பல்கலைக்கழகங்களுக்கு 'இயக்க மானியம்' என்ற தொகையைத் தருகிறது. சம்பளம், மின்கட்டணம், நூலகம், லேப் பராமரிப்பு எல்லாமே இதிலிருந்துதான். குறிப்பிட்ட ப்ராஜெக்டுக்கு என்று இல்லாத, நிரந்தரமான பணம். சீர்திருத்தத்தோடு சேர்ந்து, 'செயல்திறன்' என்ற பெயரில் இந்த மானியத்தை ஆண்டுக்கு சுமார் 1 சதவீதம் குறைக்கும் வழக்கம் தொடங்கியது.

ஒரு சதவீதம் என்று கேட்டால் சின்ன விஷயமாகத்தான் தெரியும். கணக்கைப் பாருங்கள்: 2004-ல் சுமார் 1.24 லட்சம் கோடி யென். 2024-ல் சுமார் 1.08 லட்சம் கோடி யென். இருபது ஆண்டில் 13 சதவீதம் காலி. இடையில் மின்கட்டணமும், ஆய்விதழ் சந்தாவும், உபகரண விலையும் ஏறிக்கொண்டேதான் இருந்தன.

ஒரு பல்கலைக்கழகத்தின் செலவில் பெரிய பங்கு சம்பளம். இருக்கிற பேராசிரியரின் சம்பளத்தைக் குறைக்க முடியாது, வேலையை விட்டு அனுப்பவும் முடியாது. அப்போது நிர்வாகம் செய்யக்கூடியது ஒன்றுதான்: ஒருவர் ஓய்வு பெற்றால் அந்த இடத்தை நிரப்பாமல் விடுவது. நிரப்பினாலும் மூன்று அல்லது ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் எடுப்பது.

வெட்டு எல்லோருக்கும் பொதுவாக வந்தது, வலி மட்டும் இளைஞர்கள் தலையில் விழுந்தது. தேசியப் பல்கலைக்கழகங்களில் 40 வயதுக்குக் கீழே உள்ள ஆசிரியர்களில் 2007-ல் 10-ல் 4 பேர் ஒப்பந்தப் பணியில் இருந்தார்கள். அடுத்த பத்தே ஆண்டில் அது 10-ல் 6 பேருக்கு மேல் போனது.

ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் இருக்கும் ஒருவர் எந்த மாதிரி ஆராய்ச்சியைத் தேர்ந்தெடுப்பார்? இரண்டு ஆண்டில் கட்டுரை வருமா என்றுதான் பார்ப்பார். பத்தாண்டு பிடிக்கும், தோற்கவும் வாய்ப்புள்ள கேள்வியைத் தொடமாட்டார். தன் அடுத்த வேலையே அந்தக் கட்டுரையை நம்பி இருக்கும்போது அது இயல்புதான்.

விஞ்ஞானியா, விண்ணப்பம் எழுதுபவரா?

நிரந்தரப் பணத்தைக் குறைத்த அரசு, போட்டி அடிப்படையிலான நிதியைக் கூட்டியது. நல்ல திட்டத்தோடு வந்தால் பணம் என்பது கொள்கை. ஜப்பானில் இதற்கு 'தேர்ந்தெடு, குவி' என்றே பெயர். சிறந்தவர்களைத் தேர்ந்தெடு, பணத்தை அங்கே குவி.

நடைமுறையில் என்ன ஆனது? பணம் வேண்டுமென்றால் விண்ணப்பம் எழுத வேண்டும். கிடைத்தால் இடைக்கால அறிக்கை, இறுதி அறிக்கை, மதிப்பீட்டுக் கூட்டம். கிடைக்காவிட்டால் மறுபடியும் விண்ணப்பம். உதவிக்கு இருந்த லேப் ஊழியர்களும் அலுவலகப் பணியாளர்களும் குறைந்ததால், அந்த வேலையும் பேராசிரியர் தலையிலேயே.

இதற்கும் அரசின் கணக்கு இருக்கிறது. 2002-ல் ஜப்பான் பல்கலைக்கழக ஆசிரியர்கள் தங்கள் வேலை நேரத்தில் 46.5 சதவீதத்தை ஆராய்ச்சிக்குச் செலவிட்டார்கள். 2018-ல் அது 32.9 சதவீதம். சிம்பிளா சொன்னால், வேலை நேரத்தில் பாதிக்குக் கொஞ்சம் கீழே இருந்தது மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. ஆள் எண்ணிக்கை குறையாமலே ஆராய்ச்சி குறைந்தது இப்படித்தான்.

'குவி' கொள்கையால் இன்னொரு விளைவும் வந்தது. டோக்கியோ, கியோத்தோ போன்ற பெரிய பெயர்களுக்குப் பணம் சேர்ந்தது. மாகாணங்களில் இருக்கும் நடுத்தரப் பல்கலைக்கழகங்கள் மெலிந்தன. ஜெர்மனி, பிரிட்டனோடு ஒப்பிட்டால் ஜப்பானின் பலவீனம் உச்சியில் இல்லை, அந்த இரண்டாவது அடுக்கில்தான் என்று நிஸ்டெப் ஆய்வுகள் காட்டுகின்றன.

2023-ல் ஜப்பானின் ட்சுகுபா பல்கலைக்கழக ஆய்வாளர்களை உள்ளடக்கிய குழு ஒன்று, உயிரியல், மருத்துவத் துறைகளில் வழங்கப்பட்ட 1.8 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆராய்ச்சி நிதிகளை அலசியது. சிலருக்குப் பெரிய தொகை கொடுப்பதைவிட, பலருக்குச் சிறிய தொகை கொடுத்தபோதுதான் புதிய ஆய்வுத் தலைப்புகள் அதிகம் முளைத்தன என்பது அதன் முடிவு. எந்த விதை முளைக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால்தானே ஒரே இடத்தில் தண்ணீர் ஊற்ற முடியும்?

பிஎச்.டி. வேண்டாம், வேலைக்குப் போறேன்

மேலே சொன்னதையெல்லாம் 22 வயது மாணவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். சீனியர் 38 வயதில் அடுத்த ஒப்பந்தம் கிடைக்குமா என்று தவிப்பதைப் பார்த்தவர்கள், எம்.எஸ்சி. முடித்ததும் நேராக கம்பெனிக்குப் போனார்கள்.

ஜப்பானில் 2003-ல் பிஎச்.டி. படிப்பில் சேர்ந்தவர்கள் சுமார் 18,200 பேர். 2022-ல் சுமார் 14,400 பேர். மற்ற வளர்ந்த நாடுகளில் எண்ணிக்கை கூடிய அதே காலத்தில் இங்கே இறங்கியது. அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனியோடு ஒப்பிட்டால், மக்கள்தொகைக்கு ஏற்ற பிஎச்.டி. எண்ணிக்கையில் ஜப்பான் அவற்றில் பாதிகூட இல்லை.

பணமும் ஒரு காரணம். இந்தியாவில் நெட் தேர்வில் ஜேஆர்எஃப் வாங்கியவருக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை கிடைக்கிறது. ஜப்பானில் பெரும்பாலான பிஎச்.டி. மாணவர்கள் பல காலம் கையிலிருந்து கல்விக் கட்டணம் கட்டித்தான் படித்தார்கள். கடும் போட்டிக்கு நடுவே சிலருக்குக் கிடைக்கும் தேசிய ஃபெலோஷிப்பும் மாதம் 2 லட்சம் யென் என்ற அளவிலேயே பல ஆண்டுகள் நின்றது.

பிறகு இன்னொரு அடி. 2013-ல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் திருத்தத்தின்படி, ஆராய்ச்சியாளர் ஒருவர் ஒரே நிறுவனத்தில் 10 ஆண்டுகளுக்கு மேல் ஒப்பந்தத்தில் இருந்தால் நிரந்தரப் பணி கேட்கலாம். பாதுகாப்பு தருவதற்காக வந்த விதி. ஆனால் நிரந்தரப் பணிக்கு நிரந்தரப் பணம் வேண்டுமே? 2023 மார்ச்சில் அந்தப் பத்தாண்டு முடிந்தபோது, நாட்டின் முன்னணி ஆய்வு நிறுவனமான ரிக்கன் உட்படப் பல இடங்களில் நூற்றுக்கணக்கானோரின் வேலை கேள்விக்குறியானது.

ஃபேக்டரிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

'கட்டுரை குறைஞ்சா என்ன, டொயோட்டாவும் சோனியும் இருக்கே' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு பழைய உதாரணத்தைப் பார்த்தால் பதில் கிடைக்கும்.

இன்று வீட்டில் எரியும் வெள்ளை எல்இடி பல்புக்கு அடிப்படை நீல எல்இடி. அதை உருவாக்கியதற்காக 2014-ல் நோபல் பெற்ற மூவரில் இசாமு அகாசாகியும் ஹிரோஷி அமானோவும் நகோயா பல்கலைக்கழகத்தில் வேலை செய்தவர்கள். கேலியம் நைட்ரைடு என்ற பொருள் வேலைக்கு ஆகாது என்று உலகில் பலர் கைவிட்டபோது, இவர்கள் விடவில்லை. 1986-ல் தரமான படிகம் கிடைத்தது. 1989-ல் அடுத்த தடை தாண்டப்பட்டது. 1986-ல் அமானோ ஆராய்ச்சி மாணவர். பின்னர் இந்தக் காப்புரிமைகளின் ராயல்டியிலேயே நகோயா பல்கலைக்கழகத்தில் அகாசாகியின் பெயரில் ஒரு ஆய்வுக் கட்டடம் எழுந்தது.

இன்றைய விதிகளின்படி, ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் 'எல்லோரும் கைவிட்ட பொருள்' என்ற தலைப்போடு போனால் நிதி கிடைக்குமா என்பதுதான் ஜப்பான் விஞ்ஞானிகள் எழுப்பும் கேள்வி. 2016-ல் நோபல் பெற்ற யோஷினோரி ஓசுமியும், 2015-ல் பெற்ற தகாகி கஜிதாவும் இதே எச்சரிக்கையைத் தொடர்ந்து விடுத்தவர்கள். ஓசுமி ஒரு படி மேலே போய், அடிப்படை அறிவியலுக்கு உதவ 2017-ல் ஓர் அறக்கட்டளையையே தொடங்கினார்.

இப்போது ஜப்பான் சிப் துறையில் மீண்டும் எழ முயல்கிறது. 2022-ல் ரபிடஸ் என்ற நிறுவனம் உருவானது. ஹொக்கைடோவில் 2 நானோமீட்டர் சிப் தயாரிப்பதுதான் இலக்கு. கும்மமொத்தோவில் தைவானின் டிஎஸ்எம்சி ஆலை 2024-ல் திறக்கப்பட்டது. அரசு பல லட்சம் கோடி யென்னை அள்ளிக் கொடுக்கிறது. கட்டடமும் இயந்திரமும் காசு கொடுத்தால் வந்துவிடும். இயக்க வேண்டிய பொறியாளர்கள்? அதற்காகவே கும்மமொத்தோ பல்கலைக்கழகம் 2024-ல் புதிய பிரிவுகளைத் தொடங்கியது. இருபது ஆண்டு மெலியவிட்ட அந்த 'இரண்டாவது அடுக்கு' பல்கலைக்கழகங்களை இப்போது அவசரமாகத் தேட வேண்டியிருக்கிறது.

எல்லாத்துக்கும் 2004-தான் காரணமா?

இல்லை. மூன்று விஷயங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, சீனாவின் வளர்ச்சி. ஒரு நாடு இவ்வளவு வேகமாக மேலே வரும்போது மற்றவர்களின் இடம் இறங்கத்தான் செய்யும். ஆனால் ஜப்பானின் இடம் மட்டுமல்ல, டாப் 10 சதவீதக் கட்டுரைகளின் எண்ணிக்கையே இருபது ஆண்டுகளில் குறைந்தது. அதற்குச் சீனா காரணமாக முடியாது.

இரண்டாவது, மக்கள்தொகை. 1992-ல் ஜப்பானில் 18 வயதினர் 20 லட்சத்துக்கு மேல். இன்று சுமார் 11 லட்சம். அந்த வயதினரே கிட்டத்தட்ட பாதியாகும்போது பல்கலைக்கழகம் சுருங்குவதில் ஆச்சரியமில்லை.

மூன்றாவது, மேற்கோள் கணக்கின் குறைபாடு. நண்பர்களுக்குள் ஒருவரை ஒருவர் மேற்கோள் காட்டிக்கொண்டாலும் எண்ணிக்கை ஏறும். ஆகவே 12-வது இடம் பெரிது, 13-வது சிறிது என்று அடித்துச் சொல்ல முடியாது.

நல்லதும் நடந்திருக்கிறது. பல்கலைக்கழகங்களிலிருந்து பிறந்த ஸ்டார்ட்-அப் நிறுவனங்கள் 4,000-ஐத் தாண்டிவிட்டன. தொழில் துறையோடு கூட்டு ஆய்வுகளும் பெருகின.

அப்படியும் ஒருவரின் தீர்ப்பை ஒதுக்க முடியாது. அகிதோ அரிமா, டோக்கியோ பல்கலைக்கழகத் தலைவராக இருந்த இயற்பியலாளர். 1998-99-ல் கல்வி அமைச்சராக இருந்தபோது இந்த மாற்றத்துக்கு வழி திறந்தவர்களில் ஒருவர். தேசியப் பல்கலைக்கழகங்களைக் கழகங்களாக மாற்றியது தோல்வி என்று, 2020-ல் இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு அளித்த பேட்டியில் அவரே சொன்னார்.

இப்போது என்ன செய்கிறார்கள்?

முக்கிய நிகழ்வுகள் சுருக்கமாக:

- 2021: பிஎச்.டி. மாணவர்களுக்கு வாழ்க்கைச் செலவு உதவி தரும் 'ஸ்பிரிங்' திட்டம் தொடக்கம். பிஎச்.டி. சேர்க்கை 2023-ல் லேசாக ஏறியது.
- 2024 ஜூன்: மானியம் குறைந்து, விலைவாசி ஏறி, இனி தாங்காது என்று தேசியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் பகிரங்க அறிக்கை.
- 2024 நவம்பர்: 10 லட்சம் கோடி யென் பல்கலைக்கழக நிதியின் முதல் பயனாளியாக செண்டாயில் உள்ள தொஹோக்கு பல்கலைக்கழகம் அங்கீகரிக்கப்பட்டது.
- 2025 ஏப்ரல்: டோக்கியோ பல்கலைக்கழகம் இளநிலைக் கட்டணத்தை 5,35,800 யென்னிலிருந்து 6,42,960 யென்னாக உயர்த்தியது. சுமார் 20 சதவீதம்.
- 2025: 'ஸ்பிரிங்' வாழ்க்கைச் செலவு உதவியை 2027 முதல் ஜப்பானியருக்கு மட்டும் தர முடிவு. ஜப்பானில் பிஎச்.டி. திட்டமிடும் இந்திய மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது.

பத்து லட்சம் கோடி யென் என்றதும் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆனால் அது முதலீட்டு நிதி. அதன் லாபம் மட்டுமே பல்கலைக்கழகங்களுக்கு வரும். அதுவும் தேர்ந்தெடுக்கப்பட்ட சிலவற்றுக்கு மட்டும். ஆண்டுக்கு 3 சதவீத வளர்ச்சி என்ற நிபந்தனையும் உண்டு. மறுபடியும் அதே 'தேர்ந்தெடு, குவி' என்று விமர்சகர்கள் சொல்வதற்கு இதுதான் காரணம்.

இந்தியாவுக்கு இதில் என்ன?

பெயர்கள் வேறு, யோசனைகள் பரிச்சயமானவை. மத்திய உயர்கல்வி நிறுவனங்களின் கட்டடங்களுக்கும் உபகரணங்களுக்கும் நேரடி மானியத்துக்குப் பதில் கடன் தர, கனரா வங்கியோடு சேர்ந்து 'ஹெஃபா' என்ற அமைப்பை மத்திய அரசு உருவாக்கியது. சில நிறுவனங்களை மட்டும் தேர்ந்தெடுத்துக் கூடுதல் நிதியும் தன்னாட்சியும் தரும் 'சீர்மிகு கல்வி நிறுவனம்' திட்டமும் வந்தது. ஐஐடி மெட்ராஸ் அதில் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்துக்கும் வாய்ப்பு வந்தபோது, 69 சதவீத இடஒதுக்கீடு பாதிக்கப்படலாம், நிதிச்சுமை மாநிலத்தின் மீது விழும் என்ற காரணங்களால் 2020-ல் தமிழக அரசு வேண்டாம் என்றது.

2023-ல் நாடாளுமன்றம் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஐந்து ஆண்டில் 50,000 கோடி ரூபாய் இலக்கு. அதில் பெரும்பகுதி தனியாரிடமிருந்து வர வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. பெரிய நிறுவனங்களோடு மாநிலப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் 'பேர்' என்ற திட்டமும் இதன் கீழ் இருக்கிறது. இரண்டாவது அடுக்கைத் தூக்கிவிடும் முயற்சி என்பதால், ஜப்பான் அனுபவத்தின் வெளிச்சத்தில் பார்த்தால் இது சரியான திசை.

ஆனால் ப்ராஜெக்ட் பணம் எவ்வளவு வந்தாலும், அதைச் செய்ய நிரந்தர ஆசிரியர் வேண்டும். இந்தியாவின் மாநிலப் பல்கலைக்கழகங்களில் காலிப் பணியிடங்களும் கௌரவ விரிவுரையாளர்களும் எவ்வளவு சாதாரணம் என்பதை அங்கே படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜப்பான் மேலேயிருந்து இறங்கி வந்து சேர்ந்த இடம் அது. இந்தியா மேலே ஏற வேண்டியது அங்கிருந்துதான்.

அதனால் அடுத்த முறை உயர்கல்விச் சீர்திருத்தம் என்று ஒரு அறிவிப்பு வந்தால், மொத்தத் தொகையை மட்டும் பார்க்காமல் மூன்று எண்களைத் தேடிப் பாருங்கள். நிரந்தர நிதி எவ்வளவு, ப்ராஜெக்ட் நிதி எவ்வளவு? 40 வயதுக்குக் கீழே எத்தனை பேருக்கு நிரந்தர வேலை? ஆசிரியர்களுக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் ஆராய்ச்சிக்கு மிஞ்சுகிறது? ஜப்பானில் தரவரிசை சரிவு தலைப்புச் செய்தியாவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்த மூன்றும் சரியத் தொடங்கியிருந்தன.